பன்றியின் தசையும் மனிதனின் உயிரும்

மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவ, வஸ்கமுவ தேசிய பூங்காவை அண்டிய பிரதேசமாகும். 1984 இல் பிரகடனப்படுத்தப்பட்ட அப்பூங்காவின் அயலில் வாழும் விவசாயிக்கு யானையைப் போலவே காட்டுப்பன்றியும் தீராத தலையிடி. இது புதிய கதையன்று. தினைப்புனத்தை மேயும் பன்றியைச் சங்கப் புலவரும் அறிந்திருந்தனர். ஐங்குறுநூற்றில் 'கேழற்பத்து' என்றே ஒரு பகுதி உண்டு.

பயிரழிக்கும் இந்தக் காட்டுப்பன்றியும், பண்ணைகளில் வளரும் வெள்ளைப் பன்றியும் அறிவியல் நோக்கில் ஒரே இனமே. இரண்டுக்குமிடையே இன்று காணப்படும் வேறுபாடு மனிதன் செய்த தெரிவின் விளைவு. அத்தெரிவுக்கு மனிதன் கொடுத்த விலையும், அதனால் எதிர்பாராது பெற்ற பயனும் சுவையான வரலாறு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஐரோப்பியச் சந்தை கொழுப்புக் குறைந்த இறைச்சியைக் கேட்டது. தசை திரண்ட பன்றிகளையே பண்ணையாளர் இனவிருத்திக்குத் தெரிவு செய்தனர். பெல்ஜியத்தின் பியெத்ரேன் இனம் இதற்குச் சிறந்த உதாரணம். ஆனால், 1950 களில் டென்மார்க்கில் ஒரு குறை கவனத்துக்கு வந்தது. சில பன்றிகளின் இறைச்சி வெளிறி, தளர்ந்து, நீர் கசிந்தது. இறைச்சிக்கூடத்துக்கு ஏற்றிச் செல்லும் வழியிலேயே வேறு சில பன்றிகள் உடல் சூடேறி, விறைத்து இறந்தன.

காரணம் தசைக்குள் இருந்தது. அறுத்தபின் தசையில் லக்ரிக் அமிலம் பல மணி நேரத்தில் மெல்லச் சேர்வதே இயல்பு. இப்பன்றிகளிலோ உடற்சூடு தணியுமுன்னரே, ஒரு மணி நேரத்துக்குள், அமிலம் மிகுந்துவிடுகின்றது. சூடும் அமிலமும் சேர்ந்து புரதத்தைச் சிதைக்க, இறைச்சி நீரைப் பிடித்து வைக்கும் ஆற்றலை இழக்கின்றது.

இதே காலத்தில் மருத்துவ உலகையும் ஒரு புதிர் வாட்டியது. 1960 இல் மெல்பேர்ன் மருத்துவர்கள், கால் முறிந்து வந்த ஓர் இளைஞரைப் பற்றி எழுதினர். மயக்க மருந்தினால் தமது உறவினர் பத்துப் பேர் இறந்ததைச் சொல்லி, அவர் முறிவைவிட மயக்க மருந்துக்கே அதிகம் அஞ்சினார். அவரது உடலும் கடுமையாகச் சூடேறியது. எனினும் உயிர் தப்பினார். சில ஆண்டுகளில், மயக்க மருந்து கொடுக்கப்பட்ட சில பன்றிகளிலும் இதே நிலை காணப்பட்டது. 1970 களில் பன்றிக்குட்டிகளை ஹலோத்தேன் வாயுவைச் சுவாசிக்கச் செய்து, விறைப்பவற்றை இனங்காணும் முறை உருவாயிற்று.

1975 இல் தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் ஹரிசன் என்ற மருத்துவர், டான்ரோலீன் என்னும் மருந்து இப்பன்றிகளைக் காப்பாற்றுவதைக் காட்டினார். பின்னர் அதுவே மனிதருக்கும் மருந்தாயிற்று. முன்னர் பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலானோரைக் கொன்ற இந்நிலையில் இன்று இறப்போர் மிகச் சிலரே.

1991 இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் டேவிட் மக்லெனன் குழுவினர் மூலகாரணத்தைக் கண்டனர். தசையில் கல்சியத்தை வெளிவிடும் வாயிலுக்குரிய மரபணுவில் ஒரேயோர் எழுத்து மாறியிருந்தது. வாயில் எளிதில் திறந்து, தசை ஓயாது சுருங்கியது. மனிதரிலும் இதே மரபணுவின் மாற்றங்களே பல குடும்பங்களைப் பாதித்திருந்தன. தந்தை, தாய் இருவரிடமிருந்தும் இம்மாற்றத்தைப் பெற்ற பன்றியே விறைத்து இறக்கும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றது பெரும்பாலும் நலமாக இருந்து, கூடுதல் தசையைத் தரும். இலாபம் தேடியவர்கள் அறியாமலே குறையையும் சேர்த்து வளர்த்தது இவ்வாறுதான். அதன் பின்னர் மரபணுப் பரிசோதனை மூலம் பல நாடுகளின் பண்ணைகளில் இம்மாற்றம் களையப்பட்டது.

2003 இல் சுவீடனின் உப்சாலாவைச் சேர்ந்த லெய்ஃப் அண்டர்சன் குழுவினரும் பெல்ஜிய ஆய்வாளரும் இன்னொரு மாற்றத்தை வெளியிட்டனர். தசையைப் பெருக்கும் இது, தந்தைவழி வந்தால் மட்டுமே செயற்படும். ஐரோப்பியக் காட்டுப்பன்றியை வெள்ளைப் பன்றியுடன் கலந்து பெற்ற சந்ததிகளே இதற்கு வழிகாட்டின. மாறியது எதுவென அறிய, மாறாத காட்டுவிலங்கு தேவைப்பட்டது!

இலங்கையில் 2024 இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதிசெய்யப்பட்டது. அதற்குத் தப்பாத காட்டுப்பன்றியும் ஊர்ப்பன்றியும் அழிந்தால், அவற்றின் மரபணுக்களை எந்த நாட்டிலிருந்தும் இறக்குமதி செய்ய இயலாது. வில்கமுவ விவசாயியின் இழப்புக்கு நிவாரணம் வேண்டியதே. எனினும் வஸ்கமுவக் காட்டில் திரியும் அவ்விலங்கைப் பயிரின் பகையாக மாத்திரம் கணிப்பது முழுமையான கணக்காகாது.