காறலும் முதுமையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் புதுச்சேரித் துறைமுகத்தின் வணிகத்தைத் தாங்கி நின்ற சரக்குகளுள் முக்கியமானது, வட்டார மக்கள் மல்லாட்டை என்றழைக்கும் நிலக்கடலை. தென்னார்க்காட்டு நிலங்களில் விளைந்த கடலை, 1879இல் விழுப்புரத்தோடு இருப்புப்பாதை இணைந்தபின் இன்னும் எளிதாகத் துறைமுகம் வந்து, மார்செய் நகரின் எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்புத் தொழிலுக்கும் கப்பலேறியது. தோலை எளிதில் உடைப்பதற்காக நீர் தெளித்து நனைத்து எடுத்த பருப்பு வழியிலேயே கெட்டு மதிப்பிழந்தது. ஈரத்தால் கொழுப்பு சிதைவது ஒருவகைக் காறல்; காற்றிலுள்ள ஆக்சிஜன் கொழுப்போடு வினைபுரிந்து அதைக் கெடுப்பது மற்றொரு வகை. பின்னதே ஆக்சிஜனேற்றம் எனப்படுவது.

இவ்விரண்டு கேடுகளையும் வேதியியல் அறியாமலே எதிர்கொண்ட பழக்கம் ஒன்று இவ்வட்டார வீடுகளில் நிலைத்திருந்தது. சித்திரை, வைகாசி வெயிலில், நறுக்கிய சின்ன வெங்காயத்தோடு பூண்டு, உளுத்தம்பருப்பு, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள், உப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருண்டைகளாக்கி, மாலைதோறும் உதிர்த்துப் பிடித்து மறுநாள் மீண்டும் காயவைத்து எடுப்பதே தாளிப்பு வடகம். வெயில் ஈரத்தை நீக்கியது. எளிதில் ஆக்சிஜனேற்றமடையாத இயல்புடைய விளக்கெண்ணெய் காறலைத் தள்ளிப்போட்டது. ஆகவே வடகம் ஜாடியில் ஓராண்டு வரை கெடாமல் இருந்தது. பிரெஞ்சு-இந்தியக் கலப்பு மரபினரான கிரியோல் குடும்பங்களின் சமையலிலும் இடம்பெற்ற இது, வடுவான் என்ற பெயரில் பிரான்சையும் எட்டியது. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் நாட்பட நிற்பதற்கும் இத்தகைய காரணம் உண்டு. எள்ளிலுள்ள செசமோல் போன்ற சேர்மங்கள் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கின்றன.

அத்தகைய சேர்மங்களுக்கு அறிவியல் விளக்கம் அளித்தவர்களுள் முன்னோடிகள் பிரெஞ்சு வேதியியலாளர்களான சார்ல் மூரூவும் சார்ல் தியுஃப்ரேசும் ஆவர். முதல் உலகப்போரில் நச்சுவாயுவாகப் பயன்பட்ட அக்ரோலின் சேமிப்பில் கெட்டுவிடுவதை ஆராய்ந்த அவர்கள், சில பொருள்களை மிகச் சிறிதளவு சேர்த்தாலே ஆக்சிஜனின் தாக்குதல் தடைபடுவதைக் கண்டு, 1922இல் அதை வெளியிட்டனர். ஆக்சிஜனேற்றத் தடுப்பி என்ற கருத்து, இவ்வாறு சரக்கைக் காக்கும் முயற்சியிலிருந்தே வளர்ந்தது.

புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை கையெழுத்தான 1956ஆம் ஆண்டிலேயே, அமெரிக்கரான டென்ஹம் ஹார்மன் இக்கருத்தை உடலுக்குப் பொருத்தினார். உயிரணுக்களில் தோன்றும் தனி உறுப்புகள், அதாவது இணைசேரா எலக்ட்ரானைக் கொண்டு எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகள், திசுக்களைச் சிதைப்பதே முதுமைக்குக் காரணம் என்பது அவர் கோட்பாடு. இத்தகைய மூலக்கூறுகளின் பெருக்கம் உடலின் தடுப்பாற்றலை விஞ்சும் நிலை ஆக்சிஜனேற்ற அழுத்தம் எனப்பட்டது. அதைத் தணிக்கும் என்ற நம்பிக்கையில் வைட்டமின் மாத்திரைகள் முதியோரிடையே பரவின.

ஆனால் பின்லாந்தில் 50 முதல் 69 வயது வரையிலான புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்து 1994இல் வெளியான ஆய்வில், ஆக்சிஜனேற்றத் தடுப்பியாகக் கருதப்பட்ட பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறைவதற்கு மாறாக 18 விழுக்காடு கூடியது. புகைபிடிப்போரையும் கல்நார்த் தொழிலாளரையும் கொண்ட அமெரிக்க ஆய்வொன்றும் இதே போன்ற முடிவுகளால் 1996இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. கிருமிகளை அழிக்கவும் உயிரணுக்களிடையே சமிக்ஞை கடத்தவும் உடலே தனி உறுப்புகளைப் பயன்படுத்துவதால், அவற்றை முற்றிலும் ஒடுக்குவது நலமாகாது என்பது பின்னர் தெளிவாயிற்று.

காய்கறி, கீரை, பருப்பு, பழம் மிகுந்த உணவு முதியோர்க்கு நன்மை தருவதற்கு ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் மட்டுமே காரணமல்ல. நார்ச்சத்தும் பொட்டாசியமும் பிற ஊட்டங்களும் அதில் சேர்ந்தே செயல்படுகின்றன. ஆகவே ஓர் உணவிலிருந்து ஒரு சேர்மத்தைப் பிரித்து மாத்திரையாக்கினால் அந்த உணவின் பயன் முழுவதும் கிட்டுவதில்லை. இதே அளவுகோல் வடகத்துக்கும் பொருந்தும். மஞ்சளும் பூண்டும் இருப்பதாலேயே அதை முதுமைக்கான மருந்தாகக் கொள்ள இயலாது. உப்பும் சேர்ந்திருப்பதால், இரத்த அழுத்தமுள்ள முதியோர் குழம்புக்கு உப்பிடுகையில் அதையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது.