டிசம்பர் 30

டிசம்பர் 30 கிரெகொரியின் நாட்காட்டியில் ஆண்டின் 364ஆம் நாளாகும். நெட்டாண்டுகளில் 365ஆம் நாள். ஆண்டு முடிவிற்கு மேலும் 1 நாள் உள்ளது. தமிழ் நாட்காட்டியில் இந்நாள் தற்காலத்தில் பெரும்பாலும் மார்கழி 14 அல்லது 15இல் அமைகிறது. விருதுநகர் மாவட்டத்திலுள்ள திருச்சுழியில் இரமண மகரிசி பிறந்த நாள் இது. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வாரும் விண்வெளி அறிவியலாளர் விக்கிரம் சாராபாயும் மறைந்த நாளும் இதுவே.

நாள் கணக்கு

அருப்புக்கோட்டையிலிருந்து எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலையில் பந்தல்குடி அமைந்துள்ளது. அதற்கு வடகிழக்கே குண்டாற்றின் கரையில் உள்ள ஊர் திருச்சுழி. தேவாரத்தில் இது திருச்சுழியல் எனக் குறிக்கப்படும். இவ்வட்டாரம் வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய்களையும் நம்பியுள்ள வானம் பார்த்த பூமி. இங்கு உழவர்கள் விதைப்பையும் அறுவடையையும் தமிழ் மாதங்களைக் கொண்டே கணக்கிட்டு வந்துள்ளனர்.

இரமணரின் பிறந்த நாள், இருவகை நாள் கணக்குகளுக்கும் உள்ள வேறுபாட்டை நன்கு காட்டுகிறது. 1879ஆம் ஆண்டு (பிரமாதி ஆண்டு) மார்கழி மாத ஆருத்திரா தரிசனத்தன்று திருச்சுழி பூமிநாதர் கோயிலிலிருந்து இறைவன் திருவுலா புறப்பட்டது. உலா முடிந்து கோயில் திரும்பும் வேளையில், நள்ளிரவு கடந்து ஏறத்தாழ 1 மணிக்குக் குழந்தை பிறந்தது. ஆங்கில முறைப்படி நள்ளிரவில் நாள் மாறுவதால் அது டிசம்பர் 30, செவ்வாய்க்கிழமை. தமிழ் முறைப்படி கதிரவன் எழும்போதே நாள் தொடங்குவதால் அது இன்னும் திங்கட்கிழமை இரவு. விழா திருவாதிரைக்கு உரியது. பிறந்த மீனோ அடுத்து வரும் புனர்பூசம்.

இதனால் இரமணர் பிறந்தநாள் விழா ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 30இல் வருவதில்லை. மார்கழிப் புனர்பூசத்தை ஒட்டிக் கொண்டாடப்படுவதால் அது டிசம்பர் பிற்பகுதிக்கும் சனவரி நடுப்பகுதிக்கும் இடையே மாறி வரும். பழைய தமிழ் ஆவணங்களில் காணப்படும் பிறப்பு, இறப்புக் குறிப்புகளை ஆங்கிலத் தேதிக்கு மாற்றுவோர், அந்நிகழ்வு நள்ளிரவுக்கு முன்னர் நடந்ததா பின்னர் நடந்ததா என்பதையும் நோக்க வேண்டும்.

நாள் என்பது மக்கள் வகுத்துக்கொண்ட கணக்கு என்பதற்கு மற்றுமொரு சான்று 2011இல் கிடைத்தது. பசிபிக் தீவு நாடான சமோவாவும் நியூசிலாந்தின் ஆட்சிக்குட்பட்ட டோக்கெலாவும் பன்னாட்டு நாள் கோட்டின் மறுபுறத்திற்கு மாறின. டிசம்பர் 29, வியாழக்கிழமையை அடுத்து அங்கு டிசம்பர் 31, சனிக்கிழமை பிறந்தது. அவ்வாண்டில் அந்நாடுகளுக்கு டிசம்பர் 30 என்ற நாளே இல்லை. ஆத்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றுடனான வணிகத்தில் வேலை நாட்கள் ஒத்துவர வேண்டும் என்பதே சமோவா கூறிய காரணம்.

நிகழ்வுகள்

- 1862 - செயின்டியா மலைப்பகுதியில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட ஊ கியாங் நங்பா, சோவாய் நகரில் தூக்கிலிடப்பட்டார்.
- 1896 - பிலிப்பீன்சு எழுத்தாளரும் மருத்துவருமான ஓசே ரிசால், எசுப்பானிய ஆட்சியாளரால் மணிலாவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.
- 1903 - சிக்காகோ நகரின் இராக்குவா நாடக அரங்கில் ஏற்பட்ட தீயில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கதவுகள் பல பூட்டப்பட்டிருந்ததும் திறக்க அரிதாயிருந்ததும் உயிரிழப்பைப் பெருக்கின.
- 1906 - அகில இந்திய முசுலிம் லீக் டாக்காவில் தொடங்கப்பட்டது.
- 1922 - சோவியத் ஒன்றியம் உருவானது. இது 1991 வரை நீடித்தது.
- 1943 - சப்பானியர் வசமிருந்த அந்தமானின் போர்ட் பிளேர் நகரில் சுபாசு சந்திர போசு மூவண்ணக் கொடியை ஏற்றினார். அவர் தலைமை தாங்கிய இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாத் தமிழர் பலர் சேர்ந்திருந்தனர்.
- 1947 - உருமேனிய மன்னர் முதலாம் மைக்கேல் முடி துறந்தார்.
- 2006 - ஈராக்கின் முன்னாள் அதிபர் சதாம் உசேன் தூக்கிலிடப்பட்டார்.
- 2011 - தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பண்ருட்டி வட்டாரத்தின் பலா, முந்திரித் தோப்புகள் பெருமளவில் அழிந்தன. நட்டுப் பல ஆண்டுகள் கழித்தே பலன் தரும் மரங்கள் இவை என்பதால் உழவர்களின் இழப்பு ஓராண்டோடு முடியவில்லை.
- 2018 - அந்தமானின் ராசு தீவுக்கு நேதாசி சுபாசு சந்திர போசு தீவு எனப் பெயர் சூட்டப்பட்டது.
- 2024 - விண்வெளியில் இரு செயற்கைக்கோள்களை ஒன்றோடொன்று இணைக்கும் சோதனைக்கான இசுபேடெக்சு திட்டத்தின் செயற்கைக்கோள்களை இந்தியா சிறீகரிக்கோட்டாவிலிருந்து ஏவியது. இணைப்பு 2025 சனவரி 16இல் நிறைவேறியது.

பிறப்புகள்

- 1865 - இரட்யார்டு கிப்ளிங், மும்பையில் பிறந்த ஆங்கில எழுத்தாளர், 1907 நோபல் பரிசு பெற்றவர் (இ. 1936)
- 1879 - இரமண மகரிசி (இ. 1950). திருச்சுழியில் சுந்தரம் ஐயர், அழகம்மாள் இணையருக்குப் பிறந்தவர். இயற்பெயர் வேங்கடராமன். 1896இல் மதுரையை விட்டு நீங்கித் திருவண்ணாமலையை அடைந்தார். அதன்பின் அவ்வூரை விட்டு அகலவில்லை.
- 1884 - இடெக்கி தோசோ, சப்பானியத் தலைமை அமைச்சர் (இ. 1948)
- 1887 - கே. எம். முன்சி, குசராத்தி எழுத்தாளர், பாரதிய வித்யா பவன் நிறுவனர் (இ. 1971)
- 1935 - மானுவல் ஆரோன், சதுரங்க வீரர். பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 1961இல் பன்னாட்டு மாசுட்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியர்.
- 1950 - பியார்னே இசுற்றூத்திரப்பு, சி++ நிரல்மொழியை உருவாக்கிய தென்மார்க்குக் கணினியியலாளர்

இறப்புகள்

- 1944 - உரோமன் உரோலண்டு, பிரெஞ்சு எழுத்தாளர். காந்தி, இராமகிருட்டிணர், விவேகானந்தர் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளை எழுதியவர் (பி. 1866)
- 1947 - ஆல்பிரடு நார்த் வைட்கெட், ஆங்கிலேயக் கணிதவியலாளர், மெய்யியலாளர் (பி. 1861)
- 1971 - விக்கிரம் சாராபாய், இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை எனப்படுபவர். திருவனந்தபுரத்தை அடுத்த கோவளத்தில் தம் 52ஆம் வயதில் காலமானார் (பி. 1919)
- 2012 - ரீட்டா லெவி மோண்டால்சினி, இத்தாலிய நரம்பியலாளர், நோபல் பரிசு பெற்றவர் (பி. 1909)
- 2013 - கோ. நம்மாழ்வார் (பி. 1938). தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்து, 1960களில் கோவில்பட்டி மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். மானாவாரி உழவரிடம் இல்லாத நீரையும் வாங்க இயலாத உரத்தையும் கொண்டு செய்யும் ஆய்வு அவர்களுக்குப் பயன்படாது எனக் கருதி அப்பணியைத் துறந்தார். பின்னர் கரூர் மாவட்டம் கடவூரில் வானகம் என்னும் இயற்கை வேளாண் பயிற்சி மையத்தை ஏற்படுத்தினார். காவிரிப் படுகையில் மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து மக்களிடையே பரப்புரை செய்து வந்த நாட்களில் பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார்.
- 2018 - மிருணாள் சென், வங்காளத் திரைப்பட இயக்குநர் (பி. 1923)

சிறப்பு நாள்

- பிலிப்பீன்சு - ரிசால் நாள்