தூசு படிந்த எதிர்ப்படங்களை வருடுதல்

தூசு படிந்த எதிர்ப்படங்களை வருடுதல் என்பது, நெகட்டிவ் எனப்படும் எதிர்ப்படச் சுருள்களை ஸ்கேனர் எனப்படும் வருடியின் உதவியால் கணினிப் படங்களாக மாற்றும் பணியாகும். இப்பணியில் தூசு படத்தின் மீது புள்ளிகளை இடுவதோடு நில்லாமல், எக்ஸ்போஷர் எனப்படும் ஒளியளவைக் கணிப்பதிலும் பிழையை உண்டாக்குகிறது.

பின்னணி

கோயம்புத்தூரின் சிங்காநல்லூரில் 1930களில் தொடங்கப்பட்ட சென்ட்ரல் ஸ்டுடியோ, தென்னிந்தியாவின் தொடக்ககாலப் படப்பிடிப்பு நிலையங்களுள் ஒன்றாகும். ம. கோ. இராமச்சந்திரன் கதைத்தலைவனாக நடித்த முதல் படமான ராஜகுமாரி (1947) இங்கு உருவானது. அக்காலத் திரைப்படங்கள் பெரும்பாலும் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்களில் பதிவாயின. உலகெங்கும் 1950களின் தொடக்கம் வரை இந்நிலையே நீடித்தது. 2003 சனவரியில் புனேயில் நிகழ்ந்த தீ விபத்தில், இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் பல அழிந்தன.

திரைப்படமாயினும் குடும்ப ஒளிப்படமாயினும் மூல எதிர்ப்படம் ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு முறை கையாளும்போதும் அதில் கீறல் விழக்கூடும். எனவே முதல் வருடலிலேயே ஒளியளவு சரியாக அமைவது இன்றியமையாதது.

தூசு பிழை உண்டாக்கும் விதம்

எதிர்ப்படத்தில் காட்சியின் கரிய பகுதிகள் தெளிவாகவும், வெண்பகுதிகள் அடர்த்தியாகவும் இருக்கும். படம் ஏதும் பதியாத ஓரப்பகுதியே சுருளின் மிகத் தெளிவான இடமாகும். நேர்ப்படத்தில் அது முழுக் கருமையாக அமைய வேண்டும்.

தூசு ஒளியை ஏறக்குறைய முற்றிலும் மறைப்பதால் நேர்ப்படத்தில் வெண்புள்ளியாகத் தோன்றும். வருடியின் தானியங்கி முறை, மிகக் குறைந்த ஒளியைக் கடத்தும் புள்ளியையே காட்சியின் வெண்மை எல்லையாகக் கொள்கிறது. எடுத்துக்காட்டாக, சுருளின் தெளிவான ஓரம் 0.3 அடர்த்தியும் காட்சியின் வெண்பகுதி 1.3 அடர்த்தியும் கொண்டிருப்பின், அவை முறையே 50 விழுக்காடு, 5 விழுக்காடு ஒளியைக் கடத்தும். தூசின் அடர்த்தி 3.0 எனில் அது கடத்தும் ஒளி 0.1 விழுக்காடு மட்டுமே. தானியங்கி முறை 0.3 முதல் 3.0 வரை எல்லைகளை வகுத்துக்கொண்டால், அடர்த்தி அளவுகோலில் உண்மைக் காட்சிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 37 விழுக்காடு மட்டுமே. படம் மங்கிச் சாம்பல் நிறமடையும்.

இதற்கு மாறாக, சுருளின் துளைகளும் பூச்சு உரிந்த கீறல்களும் ஓரப்பகுதியைவிட மிகுதியான ஒளியைக் கடத்துகின்றன. வருடி அவற்றைக் கருமை எல்லையாகக் கொண்டால், காட்சியின் கரிய பகுதிகள் வெளிறிவிடும்.

சரியான ஒளியளவைப் பெறும் முறை

- முதலில் காற்றூதி கொண்டும் மென்தூரிகை கொண்டும் தூசை நீக்க வேண்டும். வாயால் ஊதினால் ஈரம் படியும். துணியால் அழுத்தித் துடைத்தால் தூசே சுருளைக் கீறும். ஆடிக்காற்று வீசும் நாட்களில் சன்னல்களை மூடிவிட்டுப் பணியாற்றுவது நலம்.
- அளவிடும் பகுதியைக் காட்சிக்குள் மட்டும் குறுக்கிக்கொண்டு, துளைகளையும் சட்டத்தின் விளிம்பையும் தவிர்க்க வேண்டும்.
- தெளிவான ஓரப்பகுதி வருடியின் உச்ச எல்லையைத் தொடாமல் சற்றுக் கீழே நிற்குமாறு ஒளியளவை அமைத்து, அதனை அச்சுருள் முழுமைக்கும் மாற்றாமல் வைத்திருத்தல் வேண்டும்.
- வெண்மை எல்லையைத் தூசில் அன்றி, காட்சியின் உண்மையான வெண்பகுதியில் கையால் குறிக்க வேண்டும்.
- நிறத்திற்கு 16 பிட் அளவில் சேமித்தால், பின்னர்த் திருத்துவதற்கு இடம் இருக்கும்.

அகச்சிவப்பு முறையின் எல்லை

சில வருடிகள் அகச்சிவப்பு ஒளியால் தூசைக் கண்டறிந்து நீக்குகின்றன. வண்ணச் சுருள்களின் சாயங்கள் அவ்வொளியைப் பெரும்பாலும் கடத்திவிடுவதால், அங்குத் தூசு மட்டும் தனித்துத் தெரியும். வழக்கமான கருப்பு வெள்ளைச் சுருளில் படத்தை உருவாக்கும் வெள்ளியே அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கிறது. ஆகவே வருடி படத்தையும் தூசாகக் கருதி அழித்துவிடும். அத்தகைய சுருள்களுக்கு இவ்வசதியை நிறுத்திவைத்து, எஞ்சிய புள்ளிகளைக் கணினியில் கையால் திருத்துவதே ஏற்றது. திருத்தப்படாத முதல் படியையும் தனியே பாதுகாத்தல் வேண்டும்.