யதீம் பருவமும் தமிழ்க் கவிதையும்

அம்பாசமுத்திரத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில், ஆழ்வார்குறிச்சியை அடுத்து வருவது பொட்டல்புதூர்; முகியித்தீன் ஆண்டவர் பள்ளிவாசலால் பெயர்பெற்ற ஊர். அதனைத் தொடர்ந்து கடையம்; மகாகவி பாரதியின் துணைவியார் செல்லம்மாள் பிறந்த ஊர். 1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையான பாரதி, 1920 வரை கடையத்தில் வாழ்ந்தார். அக்காலத்தில் பொட்டல்புதூரில் இஸ்லாத்தின் மகிமை குறித்து அவர் ஆற்றிய உரையைச் சமய நல்லிணக்கத்திற்குச் சான்றாக நாம் பலகாலும் எடுத்துக்காட்டியுள்ளோம். ஆனால், பேசியவர் எத்தகைய இளமையைக் கடந்து வந்தவர் என்பதை அவ்வளவாக எண்ணிப் பார்த்ததில்லை.

1882இல் எட்டயபுரத்தில் பிறந்த பாரதி ஐந்து வயதில் தாயை இழந்தார். தந்தை சின்னசாமி ஐயர் பஞ்சாலைத் தொழிலில் பொருளனைத்தையும் இழந்து 1898இல் மறைந்தார். அப்போது மகனுக்கு வயது பதினைந்து. 1910இல் புதுச்சேரியில் வெளியான 'கனவு' என்னும் தன்வரலாற்றுப் பாடலில், தோழரோடு விளையாட இயலாத பிள்ளைப்பருவம், கைகூடாத இளங்காதல், மனம் ஒவ்வாத ஆங்கிலக் கல்வி, தந்தையின் வறுமை, மரணம் ஆகியவற்றை அவர் மறைக்காமல் பாடினார். அப்பாடல் புலம்பலாக முடியவில்லை. இறைவனை நோக்கிய வேண்டுதலாக முடிகிறது.

அதே எட்டயபுரத்தின் அரசவைப் புலவராக விளங்கி, அம்மண்ணிலேயே அடங்கியிருப்பவர் உமறுப் புலவர். பாரதிக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே, தந்தையற்ற ஒரு குழந்தையின் பிறப்பையும் வளர்ப்பையும் சீறாப்புராணத்தின் விலாதத்துக் காண்டத்தில் அவர் விரித்துப் பாடினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறக்குமுன்பே தந்தையை இழந்தவர்கள்; ஆறு வயதில் தாயையும், எட்டு வயதில் பாட்டனாரையும் இழந்தவர்கள். தந்தையில்லாப் பிள்ளையை வளர்த்தால் கூலி கிடைக்குமா என்று செவிலியர் தயங்கியதை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அக்குழந்தையை ஏற்ற அன்னை ஹலீமாவுக்கெனச் சீறாவில் ஒரு படலமே உண்டு.

நபிகளாரையும் ஒரு கவிஞரையும் ஒப்பிடுவது நம் நோக்கமன்று. இழப்பைக் கவிதை என்ன செய்கிறது என்பதே நம் வினா. பாரதியின் பாடலில் அது தன்னை அறியும் வழியாகிறது. சீறாவிலோ, யதீமை மடியேந்திய கைகளும் காவியத்தில் இடம்பெறுகின்றன. திருக்குர்ஆனின் 'வள்ளுஹா' அத்தியாயமும் அண்ணலாருக்கு அவர்களது அநாதைப் பருவத்தை நினைவூட்டிவிட்டு, அநாதையிடம் கடுமை காட்டலாகாது என்ற கட்டளையைத் தொடர்ந்து வைக்கிறது. அங்கே நினைவு கடமையாக மாறுகிறது.

சீறாவை நாம் அற்புதங்களுக்காகவும் அணிநயத்திற்காகவும் ஓதிவந்திருக்கிறோம். ஹலீமாவின் படலத்தை வாசிக்கும்போது, நம் தெருவில் கூலி தருவோரின்றி நிற்கும் பிள்ளை நம் நினைவுக்கு வருவதுண்டா? வராவிடில் நாம் சீறாவின் ஓசையை மட்டுமே கேட்டவர்களாவோம்.