செத்தவன் திருப்பிச் சுடலாமா?

ஆடுபுலி ஆட்டம் தெரியாதவர்கள் நம் வயதில் இருக்க மாட்டார்கள். 3 புலி, 15 ஆடு. புலி தாண்டினால் ஆடு போச்சு. ஆடுகள் ஒன்றுகூடிப் புலியை நகரவிடாமல் கட்டலாம், திருப்பி முட்ட முடியாது. சதுரங்கத்திலும் அப்படித்தான், வெட்டுப்பட்ட காய் பதில் சொல்லாமல் பலகையை விட்டுப் போய்விடும்.

துப்பாக்கிச் சண்டையை மேஜை மேல் ஆட நினைத்தவர்களுக்கு இங்கேதான் சிக்கல் வந்தது. நான் சுடும் நேரத்தில் எதிரி கைகட்டி நிற்பானா?

1824-இல் பிரஷ்யாவின் ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், தன் தந்தை தொடங்கிய போர் விளையாட்டைச் செம்மைப்படுத்தி வெளியிட்டார். வரைபடம், சிறு கட்டைகள், தாயக்கட்டை, நடுவில் ஒரு நடுவர். இரு தரப்பும் உத்தரவைத் தனித்தனியே நடுவரிடம் கொடுக்க வேண்டும். ஒரு சுற்று என்பது போர்க்களத்தின் 2 நிமிடம். அந்த 2 நிமிடத்தில் இருவருமே செயல்படுகிறார்கள், 'முதலில் யார்' என்ற பேச்சே இல்லை.

1913-இல் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலில் பொம்மைச் சிப்பாய்களுக்கு விதி எழுதினார். அதில் மாறி மாறித்தான் ஆட்டம். பொம்மை பீரங்கியால் குறிபார்த்துச் சுட வேண்டும். பக்கத்தில் 4 ஆள் இல்லாவிட்டால் பீரங்கி சுடாது. ஆகவே முந்திக்கொண்டு எதிரியின் பீரங்கி ஆட்களை வீழ்த்தினால், பதில் குண்டே வராது.

இந்த 'முந்தினவன்' லாபம் எவ்வளவு? என் பேரனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆளுக்கு 10 சிப்பாய், பகடையில் 5 அல்லது 6 விழுந்தால் ஒருவன் சாவு. நான் முதலில் சுட்டால் அவன் பக்கம் சுமார் 3 பேர் விழுவார்கள். மிச்சமுள்ள 7 பேர் சுட்டால் என் பக்கம் 2 பேர்தான் போவார்கள். சுற்றுக்குச் சுற்று இந்த வித்தியாசம் கூடிக்கொண்டே போகும். இரு தரப்பும் சுட்டு முடித்த பிறகே பிணங்களை எடுப்பது என்று விதி வைத்தால் 3-க்கு 3 ஆகிவிடும். விழுந்தவனுக்கும் ஒரு குண்டு சுடும் உரிமை உண்டு. அதுதான் நியாயம் என்றான் பேரன். எனக்கும் அப்படியே பட்டது.

இது நம் முன்னோர்க்குப் புதிதல்ல. புறப்பொருள் வெண்பாமாலையின் திணைகளைப் பாருங்கள். ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. படையெடுப்பது வஞ்சி, எதிர்நின்று காப்பது காஞ்சி. கோட்டையை முற்றுவது உழிஞை, உள்ளிருந்து காப்பது நொச்சி. ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு பதில், அதற்குத் தனிப் பூ. இருவரும் களத்தில் நேருக்கு நேர் மோதும்போது மட்டும் இரு பக்கமும் ஒரே தும்பை. அங்கே முந்தினவன், பிந்தினவன் கிடையாது.

நம் வசிஷ்ட நதிக்கரைக் கோட்டையும் உழிஞை, நொச்சி இரண்டும் கண்டதுதான். மைசூர்ப் போர்களில் கைமாறி, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலம் சீமையோடு கும்பெனியார் வசமானது. அந்தச் சுவருக்கு வெளியே விழுந்தவர்களும் உள்ளே விழுந்தவர்களும் நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளே.

பிள்ளைகள் போர் விளையாடட்டும், தடுக்க வேண்டாம். அடித்தால் அடி வாங்காமல் தப்பலாம் என்று சொல்லித்தரும் விதி மட்டும் வேண்டாம். மேஜை மேல் அது லாபமாகத் தெரியும், களத்தில் அப்படி நடப்பது அபூர்வம்.