இஷின்ரியூ கராத்தே

இஷின்ரியூ, ஒகினாவா தீவில் உருவான கராத்தே மரபு. 'ஒரே நெஞ்சின் வழி' என்பது பெயரின் பொருள். தட்சுவோ ஷிமாபுகு (1908–1975) 1956 ஜனவரி 15 அன்று இதை அறிவித்தார்.

மதுரையில் பிறந்த ஷிஹான் ஹுசைனி தமிழ்நாட்டில் இம்மரபைப் பரப்பிய முக்கியமான ஆசான். 'ஷிஹான்' என்பது மூத்த ஆசானுக்கு ஜப்பானியர் தரும் பட்டம். நம் ஊரில் அதுவே அவர் பெயராகிவிட்டது. தெலுங்கு நடிகர் பவன் கல்யாண் சென்னையில் அவரிடம் கராத்தே பயின்றவர். 'புன்னகை மன்னன்' (1986), 'பத்ரி' (2001) படங்களில் நடித்த ஹுசைனி, வில்வித்தையும் கற்றுக்கொடுத்தார். 2025 மார்ச் 25 அன்று காலமானார்.

இம்மரபின் அடையாளம் முஷ்டிதான். பல கராத்தே மரபுகளில் குத்து பாயும்போது கை முறுக்கிக்கொண்டு, உள்ளங்கைப் பக்கம் தரையைப் பார்த்து முடியும். இஷின்ரியூவில் அந்த முறுக்கல் இல்லை. முஷ்டி செங்குத்தாகவே போகும். கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மேல் அழுந்தி மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கும். பட்டதும் கை சட்டென்று திரும்பிவிடும். முழங்கை முழுதாக நீளாததால் மூட்டுக்கு அடி விழாது. எதிராளியின் அடியை எலும்பில் வாங்காமல் முன்கையின் சதைப்பகுதியில் வாங்குவது இன்னொரு விதி. நிற்கும் நிலையும் குறுகியது, நடக்கிறவர் சற்றே நின்றது போல.

இவ்வளவையும் மாற்றத் துணிவு வேண்டும். ஷிமாபுகு, ஷோரின்ரியூ வழியைச் சோடோகு கியானிடமும் கோஜுரியூ வழியைச் சோஜுன் மியாகியிடமும் கற்றவர். இரண்டையும் கலந்து, உடலின் இயல்புக்கு ஒவ்வாததை விலக்கினார். பழைய மாணவர்களில் சிலர் பிரிந்து போனார்கள். 'கத்தா' எனும் அசைவு வரிசைகளில் ஆயுதமில்லாதவை எட்டு. அவற்றில் 'சன்சின்', 'செயுஞ்சின்' இரண்டும் மியாகி வழி வந்தவை. 'சுன்சு' ஷிமாபுகுவே அமைத்தது. ஒகினாவாவில் முகாமிட்டிருந்த அமெரிக்க மரைன் படையினர் அவரிடம் கற்று, ஊர் திரும்பிப் பள்ளிகள் தொடங்கினர். உலகப் பரவல் அப்படித்தான் நடந்தது.

'ஏழாம் அறிவு' (2011) திரைப்படம் வந்தபின் தற்காப்புக் கலைகளின் வேரைப் போதிதர்மரிடம் தேடும் பழக்கம் நம்மிடையே வலுத்தது. ஆனால் கராத்தேக்குச் சான்றுள்ள வரலாறு ஒகினாவாவின் 'தே' எனும் உள்ளூர்க் கைப்போர்க் கலையும் சீனத்தோடு அதற்கிருந்த உறவும்தான். 'சீனக் கை' என்று எழுதப்பட்ட 'கராத்தே' என்ற சொல்லை 'வெறுங்கை' என மாற்றலாம் என்று 1936இல் நாஹாவில் கூடிய ஆசான்கள் ஏற்றனர்.

பெயர் வெறுங்கை என்றாலும் இஷின்ரியூவில் 'போ' எனும் ஏறக்குறைய ஆறடிக் கம்பும் பாடம். மதுரைப் பக்கச் சிலம்பக்காரருக்கு அதன் நீளம் புதிதல்ல. வீசும் விதம் புதிது. சிலம்பத்தில் கம்பு சுழன்றுகொண்டே இருக்கும். 'போ' அடிக்கும், குத்தும், உடனே நிற்கும்.