குற்றாலக் குறத்தியும் பெத்லகேம் குறவஞ்சியும்

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையே மேலகரம் என்னும் சிற்றூர் உள்ளது. குற்றாலக் குறவஞ்சியை இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயர் இவ்வூரினர். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தோன்றிய அந்நூலுக்காக மதுரை மன்னர் முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் அவருக்கு நிலம் வழங்கினார் என்பதும், அந்நிலம் குறவஞ்சி மேடு எனப்பட்டது என்பதும் தமிழ் கற்றோர் அறிந்தவை. சைவத் திருத்தலம் ஒன்றின் புகழைப் பாடும் இந்நூலுக்கும் நம் திருச்சபை வரலாற்றுக்கும் யாது தொடர்பு என்று வாசகர் வினவக்கூடும். அத்தொடர்பின் பெயர் வேதநாயக சாஸ்திரியார்.

1774-இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகத்தைச் சிறுவனாக இருக்கையிலேயே கண்டு, தஞ்சைக்கு அழைத்துச் சென்று வளர்த்தவர் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர். பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜியும் அதே ஐயரின் மாணவரே. இருபது வயதை எட்டுமுன்னரே வேதநாயகம் உபதேசியாரைப் பயிற்றுவிக்கும் பள்ளியின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். வேதபாடத்தோடு பூகோளமும் வான நூலும் அவர் கற்றவை. சுவார்ட்ஸ் 1798-இல் இறைவனடி சேர்ந்தார். அதையடுத்த ஓரிரு ஆண்டுகளில் பெத்லகேம் குறவஞ்சி உருப்பெற்றது.

தஞ்சை அரண்மனையிலும் குறவஞ்சி நாடகங்கள் வழங்கின. எனினும் சாஸ்திரியாரின் நூலமைப்பிற்குக் குற்றாலக் குறவஞ்சியே முன்மாதிரி என்று ஆய்வாளர் பலர் கருதுவர். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவர்க்கு இது எளிதில் விளங்கும். குற்றாலத்தில் வசந்தவல்லி இறைவன் பவனி வரக் கண்டு காதல் கொள்கிறாள்; பெத்லகேமில் சீயோன் மகளாகிய தேவமோகினி பெத்லகேம் நாதர்மேல் அன்பு கொள்கிறாள். அங்கே குறத்தி திரிகூட மலையின் வளம் பாடிக் கைபார்த்துக் குறி சொல்லுகிறாள். இங்கே விசுவாசமே குறத்தியாக வந்து திருமறையின் நாடுகளையும் மலைகளையும் பாடுகிறாள். சிங்கனும் நூவனும் கண்ணி வைத்துப் பறவை பிடிக்கும் பகுதிதான் மிகவும் சுவையானது. பறவைகள் பல தேசத்து மக்களாகின்றனர், வலை சுவிசேஷமாகிறது, வேடன் நற்செய்திப் பணியாளனாகிறான். இவற்றினிடையே கோள்கள் ஞாயிற்றைச் சுற்றும் கோப்பர்னிக்கஸின் கொள்கையும் பாட்டில் இடம்பெறுகிறது. பக்தி நூலொன்றில் வான நூலுக்கு என்ன வேலை என்று குறை கூறுவோர் உண்டு. தாம் பெற்ற கல்வியில் எந்தப் பகுதியையும் நிலத்தில் புதைத்து வைக்க அவருக்கு மனமில்லை என்றே நான் கொள்வேன்.

புறச் சமய இலக்கிய வடிவத்தைச் சபை எடுத்தாளலாமா என்பது பழைய வினா. எகிப்தியரிடமிருந்து இஸ்ரவேலர் பெற்று வந்த பொன்னை எடுத்துக்காட்டி, புறச் சமயத்தார் கல்வியிலுள்ள உண்மைகளைக் கிறிஸ்தவர் தமதாக்கிக் கொள்ளலாம் என்று புனித அகுஸ்தீன் விளக்கினார். நம் பிரசங்க மேடைகளில் இவ்விளக்கம் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. ஆனால் யாத்திராகமத்தைத் தொடர்ந்து வாசிப்பவர் வேறொன்றையும் காண்பர். அந்த மக்களின் பொன்னணிகளே 32-ஆம் அதிகாரத்தில் கன்றுக்குட்டியாகவும், 35-ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்திற்குரிய காணிக்கையாகவும் ஆகின்றன. பெசலெயேல் பெற்ற கைத்திறன் தேவ ஆவியின் வரம் என்று 31-ஆம் அதிகாரம் கூறுகிறது. ஆயினும் உளி ஆரோனின் கையிலும் இருந்தது.

சாஸ்திரியாரின் வாழ்விலும் இவ்விரண்டும் உண்டு. 1820-களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனெரிமார் பழைய வழக்கங்கள் பலவற்றை மாற்ற முற்பட்டனர். அவர் நான்கு காரியங்களைக் கொடுமைகள் என்று எழுதி எதிர்த்தார். தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்துதல், சாதிகளை ஒன்றாக அமரச் செய்தல், விழாக்களில் மலர்களை விலக்குதல், வழிபாட்டினின்று தமிழ்க் கீர்த்தனைகளையும் இசையையும் நீக்குதல் ஆகியவை அவை. மலர்களையும் இசையையும் பற்றி அவர் கூறியது நியாயமே. தமிழிசையின்றி நம் வழிபாடு எவ்வளவு வறண்டிருக்கும்! மொழிபெயர்ப்பைக் குறித்து இருபுறமும் வாதிடலாம். சாதியைக் குறித்து வாதத்திற்கு இடமில்லை. வேளாளக் கிறிஸ்தவருக்குத் தனி இருக்கை வேண்டும் என்பதற்கும் அவர் அதே வளமான தமிழைப் பயன்படுத்தினார். ஒரே எழுதுகோல், ஒரே அறிவாற்றல்.

அவர் அக்காலத்தின் பிள்ளை என்று கூறிக் கடந்துவிடலாம். அவருடைய நூலே நம்மைக் கடந்துபோக விடவில்லை. குறவஞ்சியில் உயர்குலத் தலைவி தன் கையை நீட்டுவது யாரிடம்? ஊர் ஊராய் அலைந்து திரியும், சமுதாயம் தாழ்வாக எண்ணிய குறத்தியிடம். அக்குறத்தியின் வாயில் விசுவாசத்தின் உபதேசத்தை வைத்தவர் சாஸ்திரியார்தாம். பாட்டில் அவள் தலைவியின் கையைப் பிடித்து அருகே அமர்கிறாள். தஞ்சைக் கோவிலில் அவளுக்கு அந்த இடம் கிடைத்திருக்குமா? கவிஞர் கண்டதைச் சபைத் தலைவர் காணவில்லை. மத்தேயு 25-இல் தாலந்தைப் புதைத்தவனைக் கண்டிப்பது நமக்கு எளிது. ஐந்தைப் பத்தாக்கியவன் அதே முதலைக் கொண்டு வேறொரு வாணிபமும் செய்திருந்தால் எஜமான் எப்படிக் கணக்குக் கேட்டிருப்பார் என்பதை நம் இறையியல் மாணவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சாஸ்திரியார் 1829-இல் மிஷன் பணியை இழந்தார். தம் பழைய தோழரான சரபோஜி மன்னரின் அவைப்புலவரானார். மன்னர் தம் தெய்வத்தின்மேல் குறவஞ்சி ஒன்று பாடும்படி கேட்க அவர் மறுத்துவிட்டார் என்றொரு செய்தி வாய்மொழியாக வழங்குகிறது. 1832-இல் மன்னர் மறைந்தார். 1833-இல் பேராயர் தானியேல் வில்சன், திருச்சபையில் சாதி வேறுபாடுகள் ஒழியவேண்டும் என்று சுற்றுமடல் விடுத்தார். தஞ்சையில் பலர் அதை ஏற்க மறுத்துச் சபையை விட்டு விலகினர். சாஸ்திரியார் 1864 வரை வாழ்ந்தார். நோவாவின் பேழையைப் பாடும் ஞானத்தச்ச நாடகம் முதலாய நூல்கள் அவர் பெயரை நிலைநிறுத்தின. தாழ்வாரங்களிலும் பந்தல்களிலும் பாடப்பெற்ற அவருடைய காலட்சேபங்கள் அவர் வழியினரால் தொடர்ந்தன.

சாதி ஆசாரத்தைக் காக்க அவர் எழுதியவற்றை இன்று ஆராய்ச்சியாளரைத் தவிர எவரும் புரட்டுவதில்லை. அவருடைய கீர்த்தனைகள் தென்காசி வட்டாரத்துச் சபைகளில் ஞாயிறுதோறும் ஒலிக்கின்றன. பாடுகிறவர்கள் ஒரே பாயில் அமர்ந்திருக்கிறார்கள்.